தீனிப்பெட்டிக்கு வரும் செந்தலை மரங்கொத்தி: வரவைப் பதிவுசெய்து பின்தொடரும் முறை

வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வீட்டுத் தோட்டத்தில் தீனிப்பெட்டி தொங்கவிட்டிருப்பவர்களுக்கு மரங்கொத்தி அரிய காட்சி அல்ல. உள்ளங்கை அளவேயான டௌனி மரங்கொத்தியும் அதைப் போலவே தோன்றும், சற்றே பெரிய ஹேரி மரங்கொத்தியும் குளிர்காலம் முழுவதும் கொழுப்புக் கட்டியைத் தேடி வந்துபோகும். ஆனால் ரெட்-ஹெடட் வுட்பெக்கர் எனக் கையேடுகள் குறிப்பிடும் செந்தலை மரங்கொத்தி அப்படி எளிதில் காணக் கிடைப்பதில்லை. 1966இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவரும் இனப்பெருக்கக் காலக் கணக்கெடுப்பு, இப்பறவையின் எண்ணிக்கை ஐம்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதைக் காட்டுகிறது. கனடாவில் காட்டுயிர் இனங்களின் நிலையை மதிப்பிடும் குழு 2018இல் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக மதிப்பிட்டது. எனவே ஒரு வட்டாரத்தில் இது எங்கே, எப்போது, எத்தனை நாள் தங்குகிறது என்பதை வீட்டிலிருந்தபடியே முறையாகக் குறித்து வைப்பவரின் ஏடு ஆய்வாளருக்கும் பயன்படக்கூடிய ஆவணமாகிறது.

அந்த ஏட்டின் தரத்தைத் தீர்மானிப்பது பறவை வந்த நாள்களைப் பற்றிய குறிப்பு மட்டுமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வராத நாள்களும் அதே கவனத்துடன் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் பறவையைக் கண்ட அன்று உற்சாகமாக ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த முறை அது வரும்வரை ஏட்டைத் திறப்பதே இல்லை. அப்படிப்பட்ட ஏட்டைப் பார்க்கும் எவராலும், இடைப்பட்ட நாள்களில் பறவை வரவில்லையா, அல்லது பார்க்க ஆள் இல்லையா என்று சொல்ல முடியாது.

அடையாளத்தை உறுதிசெய்தல்

செந்தலை மரங்கொத்தி என்ற பெயரில் வரும் தகவல்களில் கணிசமானவை செவ்வயிற்று மரங்கொத்தியைக் கண்டு சொல்லப்பட்டவையாக இருக்கும். ரெட்-பெல்லீட் வுட்பெக்கர் எனப்படும் இந்தப் பறவையின் வயிற்றுச் சிவப்பு தொலைவிலிருந்து கண்ணில் படுவதே அரிது. பளிச்சென்று தெரிவது ஆண் பறவையின் நெற்றியிலிருந்து பிடரிவரை ஓடும் சிவப்புப் பட்டைதான். பெண்ணுக்குப் பிடரியில் மட்டும் சிவப்பு இருக்கும். இரண்டுக்குமே கன்னமும் தொண்டையும் வெளிறியிருக்கும். முதுகில் கறுப்பும் வெள்ளையுமான குறுக்குக் கோடுகள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஆகவே தலையின் நிறத்தை விட்டுவிட்டு முதுகைப் பார்ப்பதே விரைவான வழி. முதுகில் கோடுகள் இருந்தால் அது செந்தலை மரங்கொத்தி அல்ல.

வளர்ந்த செந்தலை மரங்கொத்தியின் தலை, கழுத்து, தொண்டை மூன்றும் இடைவெளியின்றி ஆழ்ந்த சிவப்பு நிறம் கொண்டவை. மார்பும் வயிறும் தூய வெள்ளை. முதுகின் மேற்பகுதி கருமையாக இருக்க, இறக்கைகளை மூடி அமர்ந்திருக்கும்போது முதுகின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துணியைப் போர்த்தியதுபோல ஒரு பெரிய வெண்பரப்பு தெரியும். பறக்கும்போது இதே பரப்பு இரண்டு இறக்கைகளிலும் வெள்ளைச் சதுரங்களாக விரிவதால், ஒரு நொடி பார்வையில் கடந்து போனாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 19 முதல் 23 சென்டிமீட்டர் நீளமுள்ள இப்பறவையைக் காக்கை அளவுள்ள, கொண்டை கொண்ட பைலியேட்டட் மரங்கொத்தியுடன் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு என்றாலும், பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் அதையும் செந்தலை என்று சொல்வதுண்டு.

இளம்பறவைக்குச் சிவப்புத் தலையே இருக்காது என்பதைப் பலர் அறிவதில்லை. முதல் இலையுதிர்காலத்தில் அதன் தலை சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும்; இறக்கையின் வெண்பரப்பில் கரும் கோடுகள் குறுக்கே ஓடும். குளிர்காலம் செல்லச் செல்லப் பழுப்பு இறகுகள் உதிர்ந்து, கன்னத்தில் ஒரு திட்டு, பிடரியில் ஒரு திட்டு என்று சிவப்பு ஒழுங்கற்றுப் பரவத் தொடங்கும். ஒரு பறவையின் இடக்கன்னம் சிவந்திருக்கையில் வலக்கன்னம் பழுப்பாகவே இருக்கலாம். இந்த ஒழுங்கின்மை பதிவாளருக்குக் கிடைக்கும் அரிய உதவி. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இவ்வினத்தில் வளர்ந்த பறவைகளைத் தனித்தனியே பிரித்தறிவது ஏறத்தாழ முடியாத காரியம்; ஆனால் இறகு மாறிக்கொண்டிருக்கும் இளம்பறவையை அதன் திட்டுகளைக் கொண்டே வாரக்கணக்கில் பின்தொடரலாம். வாரம் ஒரு முறையாவது தலையின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து, தேதியுடன் வரிசையாக வைத்தால், மூன்று தெரு தள்ளி இன்னொருவர் கண்டது அதே பறவைதானா என்ற கேள்விக்குப் படங்களே பதில் சொல்லும். தலை முழுவதும் சிவந்த பிறகும் சில பறவைகளின் இறக்கையில் அந்தக் கரும் கோடுகள் எஞ்சியிருக்கும் என்பதால், இறக்கையின் வெண்பரப்பு தெரியும்படியும் ஒரு படம் தேவை.

குரலை மட்டும் நம்பிப் பதிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. செவ்வயிற்றுப் பறவையின் உருண்டோடும் குரலுக்கும் செந்தலைப் பறவையின் கரகரத்த, சற்றே கூர்மையான குரலுக்கும் இடையே வேறுபாடு உண்டு. பழகிய காது அதைப் பிடித்துவிடும். கைப்பேசியில் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயரைக் காட்டினால், அதைச் சன்னலருகே போய்ப் பார்ப்பதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம். கண்ணால் கண்ட பிறகே ஏட்டில் ஏற்ற வேண்டும்.

தீனியும் இடமும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழுப்புக் கட்டி, ஓடு நீக்கிய வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, உடைத்த மக்காச்சோளம் ஆகியவற்றை இது உண்ணும். ஓக் கொட்டை கிடைத்தால் அதைத்தான் முதலில் நாடும். மரங்கொத்தி வாலை ஊன்றி அமரும் பறவை என்பதால், கொழுப்புக் கட்டி வைக்கும் கம்பிக்கூட்டின் கீழே வால் பதிய ஒரு பலகை நீண்டிருப்பது நல்லது. கண்ணாடியில் மோதி இறப்பதைத் தவிர்க்க, பெட்டியைச் சன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் அல்லது ஒன்பது மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்த கரைசலில் பெட்டியைக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே மீண்டும் தீனி இட வேண்டும். பதிவைப் பொறுத்தவரை முக்கியமானது வேறொன்று: பருவத்தின் நடுவே தீனியின் வகையையோ பெட்டியின் இடத்தையோ மாற்றினால், மாற்றிய தேதியை ஏட்டில் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் பறவையின் வரவு கூடியதற்கும் வேர்க்கடலை வைத்ததற்கும் உள்ள தொடர்பு பின்னால் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நாள்பதிவு எழுதும் முறை

ஒவ்வொரு பதிவிலும் தேதி, பார்க்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், பார்த்தவர் பெயர், இடம் ஆகிய ஐந்தும் பறவை வந்தாலும் வராவிட்டாலும் இடம்பெற வேண்டும். வந்திருந்தால், ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கை, வளர்ந்ததா இளம்பறவையா என்ற விவரம், என்ன செய்தது, எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குச் சென்றது என்பவற்றைச் சேர்க்க வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கைக் கட்டத்தில் சுழியம் இட வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது.

எண்ணிக்கை விதியைச் சற்று விளக்குவது அவசியம். காலை 8 மணிக்கு ஒரு பறவை, 8.20க்கு ஒன்று, 9 மணிக்கு ஒன்று என்று மூன்று முறை வந்தால், மூன்று பறவைகள் என்று எழுதுவது தவறு. மூன்று முறையும் வந்தது ஒரே பறவையாக இருக்கலாம். ஒரே பார்வையில் இரண்டைச் சேர்த்துக் கண்டால்தான் இரண்டு என்று எழுதலாம். இதற்கு ஒரே விதிவிலக்கு, தெளிவாக வேறுபடும் பறவைகள்: முதலில் வளர்ந்த பறவை ஒன்றும் பிறகு பழுப்புத் தலை இளம்பறவை ஒன்றும் தனித்தனியே வந்திருந்தால் இரண்டு பறவைகள் என்று உங்கள் சொந்த ஏட்டில் குறிக்கலாம். தீனிப்பெட்டிக்கு வரும் பறவைகளை எண்ணும் ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்புக்கு அனுப்பும்போது அதன் விதியையே பின்பற்ற வேண்டும். அங்கே ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கை மட்டுமே ஏற்கப்படும்.

பார்க்கும் நேரத்தை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அதைவிடப் பயன்தரும் பழக்கம் வேறில்லை. பறவை வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து அந்தக் கணத்திலிருந்து பதிவைத் தொடங்கினால், எல்லாப் பதிவிலும் பறவை இருக்கும். அந்தப் புள்ளிவிவரத்துக்கு மதிப்பு இருக்காது. காலை உணவு வேளையில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு வெளியே கண்டவற்றை «தற்செயல்» என்று தனியாகக் குறிக்கலாம். அசைவை உணர்ந்து தானே படம் எடுக்கும் கேமரா பொருத்திய தீனிப்பெட்டிகளின் பதிவுகளையும் தனிக் கட்டத்தில் வைக்க வேண்டும். நாள் முழுவதும் விழித்திருக்கும் கருவியையும் அரை மணி நேரம் பார்த்த மனிதரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. அக்கருவிகள் தாமாகச் சூட்டும் பறவைப் பெயரை நம்பாமல் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் சரிபார்ப்பதும் கட்டாயம்.

நடத்தைக் குறிப்பில் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. செந்தலை மரங்கொத்தி தீனியைச் சேமித்து வைக்கும் பறவை. சேமித்ததை மரச் சிம்பாலோ பட்டையாலோ மூடி வைப்பது இதன் தனிப் பழக்கம். விதை ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு வேலிக் கம்பத்துக்குப் பறந்து, வெடிப்பில் செருகி, நாலைந்து கொத்தில் உள்ளே இறக்கி, பிறகு அருகிலிருந்து ஒரு சிம்பைப் பிளந்தெடுத்து அதன்மேல் வைத்துத் தட்டி அடைப்பதை இலையுதிர்காலத்தில் காணலாம். கூரை ஓடுகளுக்கு அடியிலும் இவ்வாறு பதுக்கும். வெட்டுக்கிளியைக்கூட உயிரோடு இடுக்கில் திணித்து வைக்கும். இப்படிச் சேமிக்கும் பறவை அந்தக் குளிர்காலத்தை அங்கேயே கழிக்க வாய்ப்பு அதிகம். தன் சேமிப்பை நெருங்கும் நீல ஜே பறவைகளையும் மற்ற மரங்கொத்திகளையும் துரத்தி அடிக்கும். எனவே சேமிப்பு நடந்த இடத்தையும் துரத்தல் நடந்த எல்லையையும் ஒரு சிறு வரைபடத்தில் புள்ளியிட்டு வந்தால், அப்பறவையின் குளிர்கால எல்லை எது என்பது சில வாரங்களில் தானே தெளிவாகும்.

பறவையின் காலில் ஆய்வாளர்கள் இட்ட அடையாள வளையம் தெரிந்தால், அதன் நிறமும், எந்தக் காலில், மேலிருந்து கீழாக எந்த வரிசையில் என்பதும் எழுதப்பட வேண்டும். மினசோட்டாவின் சீடர் கிரீக் காப்பகத்தில் இவ்வினப் பறவைகளுக்கு நிற வளையமிட்டு ஆய்வு நடந்துள்ளது. வளையப் பதிவுகளை அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் பறவை வளைய ஆய்வகத்துக்குத் தெரிவிக்கலாம்.

எங்கே பதிவேற்றுவது

சொந்த ஏடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பொதுத் தரவுத்தளத்தில் சேராதவரை வட்டாரத்துக்கு வெளியே அது எட்டாது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்டு என்ற இணையத் தரவுத்தளம் ஆண்டு முழுவதும் பயன்படுவது. அதில் நின்ற இடத்திலிருந்து பார்த்த பதிவு என்ற வகையைத் தேர்ந்து, நேர அளவைக் கொடுத்து, அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்த முழுப் பட்டியலாக அனுப்ப வேண்டும். முழுப் பட்டியலில் செந்தலை மரங்கொத்தி இல்லையென்றால், கவனித்தும் காணப்படவில்லை என்றே தரவுத்தளம் கொள்ளும். நம் சுழியங்கள் அங்கே அவ்வகையில்தான் சேர்கின்றன. அரிய பறவை என்று செயலி எச்சரித்தால் தயங்க வேண்டாம். முதுகு, இறக்கை, தொண்டை மூன்றையும் விவரித்து இரண்டு வரி எழுதி, படத்தை இணைத்தால் வட்டாரச் சரிபார்ப்பாளரான தன்னார்வலருக்கு வேலை எளிதாகும். «எனக்கு இப்பறவையை நன்றாகத் தெரியும்» என்ற விளக்கத்தால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஃபீடர்வாட்ச், 1976இல் ஒன்டாரியோவில் தொடங்கிய தீனிப்பெட்டிக் கணக்கெடுப்பிலிருந்து வளர்ந்து 1987 முதல் கண்டம் முழுவதற்கும் விரிந்தது; இன்று கார்னெல் ஆய்வகமும் பேர்ட்ஸ் கனடாவும் இணைந்து நடத்துகின்றன. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, தொடர்ந்து இரண்டு நாள் எண்ணி, அடுத்த எண்ணிக்கைக்கு முன் குறைந்தது ஐந்து நாள் இடைவெளி விட வேண்டும் என்பது அதன் முறை. எண்ணும் நாள்களைப் பறவை வரும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் பார்த்தாலே பங்கேற்கலாம் என்பதால், அண்டை வீட்டாரை இவ்வேலைக்குள் இழுக்க அது நல்ல தருணம்.

அண்டை வீடுகளின் தகவலைத் திரட்டுதல்

வட்டார அளவில் பின்தொடர்வது என்றால் பிறர் கண்டதையும் சேர்க்க வேண்டியிருக்கும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். தகவல் தருபவரிடம் «முதுகு கறுப்பாக இருந்ததா?» என்று கேட்டால் பெரும்பாலும் «ஆம்» என்ற பதிலே வரும், ஏனென்றால் எந்த விடையை நாம் எதிர்பார்க்கிறோம் என்பதைக் கேள்வியே காட்டிக் கொடுத்துவிடுகிறது. «முதுகு எப்படி இருந்தது? தொண்டை என்ன நிறம்? பறந்தபோது இறக்கையில் ஏதாவது தெரிந்ததா?» என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களையே மாற்றாமல் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல்களை மூன்று தரமாகப் பிரித்து வைப்பது நடைமுறையில் போதுமானது: படமோ காணொளியோ உள்ளவை முதல் தரம், தெளிவான விவரிப்பு மட்டும் உள்ளவை இரண்டாம் தரம், பெயர் மட்டும் சொல்லப்பட்டவை மூன்றாம் தரம். மூன்றாம் தரத் தகவலை அழித்துவிடக் கூடாது, வரைபடத்திலும் ஏற்றக் கூடாது. அந்த வீட்டுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பதற்கு அது காரணமாகலாம்.

ஒரே பறவை நான்கு வீடுகளுக்குப் போய் வருவதும், நான்கு வீட்டாரும் தனித்தனியே அறிவிப்பதும் இயல்பு. இதைத் தீர்க்கும் எளிய வழி, ஏதாவது ஒரு காலையில் நால்வரும் ஒரே அரை மணி நேரத்தில் பார்த்து நிமிடத்துடன் குறிப்பது. 8.10க்கு ஒரு வீட்டிலும் அதே 8.10க்கு இன்னொரு வீட்டிலும் பறவை இருந்தால் குறைந்தது இரண்டு பறவைகள் உண்டு. ஒரு வீட்டில் மறைந்த சில நிமிடங்களில் அடுத்த வீட்டில் தோன்றினால், ஒன்றாகவே கொள்வது பாதுகாப்பானது. ஆளுக்கு ஆள் கடிகாரம் வேறுபடாமலிருக்கக் கைப்பேசி நேரத்தையே எல்லோரும் பயன்படுத்த வேண்டும்.

எண்களை வாசித்தல்

முதல் குளிர்காலத்தில் 20 முறை அமர்ந்து பார்த்ததில் 5 முறையும், அடுத்த குளிர்காலத்தில் 60 முறை பார்த்ததில் 9 முறையும் பறவை வந்ததாகக் கொள்வோம். 5 என்பது 9 ஆகிவிட்டதால் வரவு கூடிவிட்டது என்று தோன்றும். விகிதத்தைப் பார்த்தால் 25 சதவீதம் 15 ஆகக் குறைந்திருக்கிறது. சுழியங்களை எழுதி வைத்தவருக்கு மட்டுமே இந்தக் கணக்குப் போட வழியுண்டு. அண்டை வீடுகளின் தகவல் சேரச் சேர இந்த எச்சரிக்கை மேலும் பொருந்தும். பறவையைப் பற்றிய பேச்சு பரவினாலே கண்கள் கூடும், கண்கள் கூடினால் அறிவிப்புகள் கூடும்.

குறைந்தது என்று கண்டாலும் உடனே அழிவின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள முடியாது. இப்பறவையின் குளிர்கால இருப்பு ஓக், பீச் (beech) மரங்களின் காய்ப்பைப் பொறுத்தது. கொட்டை மிகுந்த ஆண்டில் ஓரிடத்தில் தங்கி, பொய்த்த ஆண்டில் அங்கு தலைகாட்டாமலே போய்விடும். ஆகவே ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அக்கம்பக்கத்து ஓக் மரங்களில் காய்ப்பு அதிகமா, நடுத்தரமா, இல்லையா என்று ஒரு சொல் எழுதி வைப்பது, பின்னால் பல வரிகளுக்கு விளக்கமாக அமையும். அத்துடன் பட்டுப்போன மரங்கள் வெட்டப்பட்ட தேதிகளையும் குறிக்க வேண்டும். பட்ட மரத்தில் பொந்து குடைந்து வாழும் இப்பறவைக்கு அத்தகைய மரங்கள் அகற்றப்படுவது முதன்மையான இழப்புகளில் ஒன்று. குடைந்த பொந்தை ஸ்டார்லிங் பறவைகள் பறித்துக்கொள்வதும் உண்டு.

வெளியிடுவதில் எல்லை

குளிர்காலத்தில் தீனிப்பெட்டிக்கு வரும் பறவையின் தகவலைப் பகிர்வதில் பறவைக்குப் பெரிய ஆபத்து இல்லை, வீட்டுக்காரருக்குத்தான் தொல்லை. அரிய பறவை என்று கேள்விப்பட்டுத் தொலைநோக்கியுடன் வேற்றாள்கள் வேலியோரம் நிற்பதை எல்லோரும் விரும்புவதில்லை. ஆகவே வீட்டைப் பொதுக் கண்காணிப்பு இடமாக ஈபேர்டில் முன்மொழியக் கூடாது. தனிப்பட்ட இடமாகவே வைத்து, இடத்தின் பெயரில் கதவு எண்ணோ குடும்பப் பெயரோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டாரின் பதிவை அவர்கள் ஒப்புதலின்றி வெளியிடுவதும் முறையாகாது.

மே மாதம் தொடங்கிக் கூடு கட்டும் பருவத்தில் நிலைமை மாறுகிறது. அப்போது பொந்து இருக்கும் மரத்தின் இடத்தை யாருக்கும் துல்லியமாகச் சொல்லாமல், குஞ்சுகள் வெளியேறிய பின்னரே பதிவேற்றுவது நல்லது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு இப்பறவையை வரவழைப்பது எந்தப் பருவத்திலும் வேண்டாம். தன் எல்லையைக் காக்கக் கடுமையாகப் போராடும் பறவை என்பதால் இல்லாத எதிரியைத் தேடி வெகுநேரம் வீணாக அலையும். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் இப்பறவைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. முட்டையோ குஞ்சோ உள்ள பட்ட மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், மரத்துக்கு உரியவரிடம் அதைத் தெரிவித்து, குஞ்சுகள் பறக்கும்வரை வேலையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். அவ்வாறு கேட்கச் செல்லும்போது, தேதி வாரியாகப் பறவை பொந்துக்குள் இரை கொண்டுசென்றதைக் காட்டும் ஏட்டின் பக்கங்களையும் படங்களையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.